மௌலானாவின் வீட்டுக் கணக்கு

"நாம் பிள்ளைகுட்டிக்காரர்கள்; நமக்கேன் இந்த வம்பு?" என்னும் சொற்களைக் கேளாத இல்லம் நம் சமுதாயத்தில் இராது. பள்ளிவாசல் நிர்வாகத்தில் முறைகேடு நடப்பது தெரிந்தாலும், ஊர்க் கூட்டத்தில் ஏழை ஒருவனுக்கு அநீதி இழைக்கப்படுவதைக் கண்ணால் கண்டாலும், மனத்திற்கு ஒவ்வாத ஒருவருக்காகத் தேர்தல் நேரத்தில் கைதூக்க நேர்ந்தாலும், இச்சொற்களே நமக்குக் கேடயமாக வந்து நிற்கின்றன. இதனைக் கோழைத்தனம் என்று தள்ளிவிட நாம் விரும்பவில்லை. மாதச் சம்பளம் ஒன்றைக் கொண்டு ஐந்தாறு உயிர்களைக் காப்பாற்றுகிறவனின் கவலை பொய்யான கவலையன்று. மனைவி மக்களுக்கு உணவும் உடையும் உறைவிடமும் அளிப்பது நம் மார்க்கம் ஆடவன்மீது சுமத்தியுள்ள கடமை. அக்கடமையை உதறிவிட்டு மேடையேறுகிறவனைத் தியாகி என்று அழைப்பதற்குமுன் நாம் சற்றே தயங்கத்தான் வேண்டும்.

ஆனால், வீட்டுக்குரிய கடமையும் மனச்சான்றுக்குரிய கடமையும் மோதிக்கொள்ளும்போது என்ன செய்வது? மேடைப் பேச்சாளரைக் கேட்டால் ஒரு விடை வரும். அவர் மனைவியைக் கேட்டால் வேறொரு விடை வரும். நாம் இக்கேள்வியை வரலாற்றினிடம் கேட்டுப் பார்க்க எண்ணினோம். அதற்காக நாம் தேர்ந்துகொண்டது ஒரு கவிஞரின் வீடு.

1982-ஆம் ஆண்டு வெளிவந்த 'நிகாஹ்' என்னும் இந்தித் திரைப்படத்தில் குலாம் அலி பாடிய கஜல் ஒன்று உர்தூ அறியாத தமிழ் இல்லங்களிலும் நுழைந்தது. இளமைக் காதலின் நினைவுகளைச் சொல்லும் அப்பாடலை இயற்றியவர் மௌலானா ஹஸ்ரத் மோஹானி. அந்த மென்மையான கவிஞர் சிறைக்கூடத்தில் திரிகை சுற்றிக் கோதுமை அரைத்தவர் என்பதனை, அதனைக் கேட்டு மகிழ்ந்தவர்களுள் எத்தனை பேர் அறிவர்? 'இன்குலாப் ஜிந்தாபாத்' என்று இந்நாட்டுத் தெருக்களெல்லாம் முழங்கிய முழக்கத்தை வகுத்துத் தந்தவராகக் கூறப்படுகிறவரும் அவரே. காதலும் சிறையும் புரட்சியும் ஒரே நெஞ்சில் குடியிருந்தன. இவற்றோடு வீட்டுச் செலவும் இருந்தது என்பதுதான் நாம் எடுத்துரைக்க வந்த செய்தி.

அவர் இயற்பெயர் ஸையித் ஃபஸ்லுல் ஹஸன். அன்றைய ஐக்கிய மாகாணத்தின் உன்னாவ் மாவட்டத்தில் உள்ள மோஹான் என்னும் சிற்றூரினர். ஊர்ப்பெயரே கவிதைப் பெயரோடு ஒட்டிக்கொண்டது. அலிகர் கல்லூரியில் பயின்று 1903-இல் பி.ஏ. பட்டம் பெற்றார். அலிகரின் பட்டதாரி என்றால் அக்காலத்தில் அரசாங்க உத்தியோகத்தின் கதவு பாதி திறந்தே இருக்கும். குடும்பத்தார் எதிர்பார்ப்பும் அதுவாகத்தான் இருந்திருக்கும். ஏற்கெனவே அவருக்குத் திருமணமும் ஆகியிருந்தது. துணைவியார் நிஷாத்துன்னிஸா பேகம், அதே மோஹானைச் சேர்ந்தவர். பெண்கள் எழுதப் படிப்பதே அரிதாயிருந்த நாளில் உர்தூவும் பார்ஸியும் அரபியும் கற்றவர்.

பட்டதாரி உத்தியோகத்திற்கு மனுப்போடவில்லை, பத்திரிகை தொடங்கினார். 1903-இல் 'உர்தூ-ஏ-முஅல்லா' என்னும் மாத இதழ் அலிகரிலிருந்து வெளிவரலாயிற்று. மறைந்துபோகவிருந்த பழைய உர்தூக் கவிஞர்களின் படைப்புகளைத் தேடியெடுத்து அச்சேற்றியது அவ்விதழின் இலக்கியத் தொண்டு. காலிபின் கவிதைகளுக்கும் மௌலானா உரை எழுதினார். ஆனால் இலக்கியத்தோடு நின்றிருந்தால் அவர் ஹஸ்ரத் மோஹானி ஆகியிருக்க மாட்டார். முஸ்லிம்கள் காங்கிரஸை நெருங்கலாகாது என்று ஸர் ஸையித் அஹ்மத் கான் போதித்துச் சென்ற அலிகரிலேயே இருந்துகொண்டு, 1904-இல் பம்பாய்க் காங்கிரஸுக்குப் போனார். 1907-இல் சூரத்தில் காங்கிரஸ் பிளவுபட்டபோது திலகரின் பக்கம் நின்றார். கல்லூரியைச் சுற்றியிருந்த பெரிய மனிதர்களுக்கு அவர் ஒரு தலைவலி.

1908-ஆம் ஆண்டு வந்தது. எகிப்தில் ஆங்கிலேயர் கையாளும் கொள்கையைக் கண்டிக்கும் கட்டுரையொன்று எழுதியவர் பெயரின்றி 'உர்தூ-ஏ-முஅல்லா'வில் வெளியாயிற்று. அரசாங்கம் அதனை இராஜத் துரோகம் என்றது. எழுதியவர் யார் என்று கேட்டது. ஆசிரியர் பெயரைச் சொல்ல மறுத்துப் பொறுப்பனைத்தையும் தம் தலைமேல் ஏற்றார். ஒரு பெயரை உதிர்த்திருந்தால் வீட்டுக்குப் போயிருக்கலாம். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் அவர் கைதானபோது வீட்டில் பச்சிளங்குழந்தையான மகள் நயீமா கடும் நோயுற்றிருந்தாள். தாயையும் ஒரு வேலைக்காரியையும் தவிர அருகில் வேறு எவரும் இல்லை.

வாசகர்களே, 'நாம் பிள்ளைகுட்டிக்காரர்கள்' என்னும் நம் சொற்கள் அந்த வாசற்படியில் நிற்கட்டும். நோயுற்ற குழந்தை உள்ளே; காவலர் வெளியே; ஒரே ஒரு பெயர் நாக்கின் நுனியில். நாமாயிருந்தால் என்ன செய்திருப்போம்?

அவர் செய்தது சரியா தவறா என்று தீர்ப்புக் கூறும் உரிமை முதலில் யாருக்கு உண்டு? நமக்கன்று. அந்தக் குழந்தையின் தலைமாட்டில் விழித்திருந்த தாய்க்கே உண்டு. அத்தாயார் தம் தீர்ப்பை உடனே எழுத்தில் தந்தார். சிறைக்குள் கணவருக்கு அவர் அனுப்பிய கடிதத்தில் அழுகை இல்லை, முறையீடு இல்லை. வந்த துன்பத்தைத் துணிவோடு ஏற்கும்படியும், தம்மையும் வீட்டையும் எண்ணி மனந்தளர வேண்டாமென்றும், எவ்வகைப் பலவீனத்தையும் காட்டிவிடலாகாதென்றும் எழுதியிருந்தார். பிற்காலத்தில் தம் சிறை அனுபவங்களை மௌலானா நூலாக எழுதியபோது இக்கடிதத்தைக் குறிப்பிட மறக்கவில்லை. இக்கடிதம் மட்டும் இல்லாதிருந்தால் நம் கட்டுரை வேறு விதமாகத்தான் போயிருக்கும் என்பதை ஒளிக்காமல் கூறிவிடுகிறோம். இல்லத்தாளின் இசைவின்றி இல்லத்தைப் பணயம் வைக்கிறவனைப் போற்ற நமக்கு மனம் வராது.

இரண்டாண்டுக் கடுங்காவலும் 500 ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டன. அபராதத்தைக் கட்டப் பணமில்லை. ஆகவே அவர் அரும்பாடுபட்டுச் சேர்த்த நூல்கள் ஏலத்திற்கு வந்தன; கையெழுத்துப் பிரதிகளும் அரிய திவான்களும் அற்ப விலைக்குப் போயின. சிறையில் அரசியல் கைதி என்ற தனி மதிப்பெல்லாம் அந்நாளில் கிடையாது. திருடனுக்கும் கொள்ளைக்காரனுக்கும் உரிய உடை, உணவு, வேலை. நாளொன்றுக்கு ஒரு மன், அதாவது 40 சேர், நம் கணக்கில் ஏறத்தாழ 37 கிலோ தானியத்தைக் கைத்திரிகையில் அரைக்க வேண்டும். நம் பாட்டிமார்கள் திரிகை சுற்றியதைப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் பொருள் விளங்கும். அவ்வாண்டு ரமலான் மாதமும் அங்கேதான் அவருக்குக் கழிந்தது. அரைத்துக்கொண்டே கஜல் புனைந்தார். தாளும் எழுதுகோலும் இல்லாததால் மனத்திலேயே வைத்திருந்தார்.

அதே 1908 ஜூன் மாதத்தில்தான் பம்பாயில் திலகர் கைதானார். ஜூலையில் திருநெல்வேலியில் வ.உ.சிதம்பரனார் தண்டிக்கப்பட்டார். கோவைச் சிறையில் சிதம்பரனார் செக்கிழுத்த காலமும் வடக்கே மௌலானா மாவரைத்த காலமும் ஒன்றே. செக்கிழுத்தவரைத் தமிழ்நாடு நன்றாக அறியும். மாவரைத்தவரையும் அவரோடு சேர்த்து நினைப்பது பொருத்தமே. இருவரும் ஒரே சுதேசிக் கொள்கைக்காகச் சிறை சென்றவர்கள், இருவர் வீட்டிலும் அடுப்பு அணைந்தது.

1909-இல் விடுதலையாகி வந்தவரை வரவேற்க அலிகரில் கூட்டம் கூடவில்லை. பழைய நண்பர்கள் பலர் பழகவே அஞ்சினர். அவர்களும் பிள்ளைகுட்டிக்காரர்கள்தாமே! மௌலானா எவரையும் நொந்துகொள்ளாமல் இதழை மீண்டும் தொடங்கினார். அச்சகத்தார் அச்சிட அஞ்சுவர் என்பதால் கையால் இயக்கும் சிறு அச்சுப்பொறியொன்றைத் தாமே வைத்துக்கொண்டார். கூலிக்கு ஆள் வைக்க வகையில்லை. கணவரும் மனைவியுமே அச்சுப்பொறியில் உழைத்தனர். ஓர் இதழின் ஆசிரியரும் அச்சடிப்பவரும் கட்டுக்கட்டி அஞ்சலில் சேர்ப்பவரும் ஒரே வீட்டில் இருந்தனர் என்று சொன்னால், மாத இதழ் நடத்திப் பார்த்தவர்கள் புன்னகை செய்வர். மற்றவர்களுக்கு அது புரியாது.

அதுவும் நீடிக்கவில்லை. 1910-ஆம் ஆண்டின் அச்சகச் சட்டப்படி, 1913-இல் 3,000 ரூபாய் ஜாமீன் கட்டுமாறு அரசாங்கம் உத்தரவிட்டது. அக்காலத்து 3,000 ரூபாய்! அச்சுப்பொறியின் விலையோ அதில் ஒரு சிறு பங்கும் இராது. அச்சகம் மூடப்பட்டது. இப்போது என்ன செய்வது? செல்வர் ஒருவரிடம் மாதப்படி பெறலாம். சமஸ்தானம் ஒன்றில் புலவராக அமரலாம். உர்தூக் கவிஞர்களுக்கு அது புதிய வழியுமன்று. மௌலானா கடை வைத்தார். இந்நாட்டுக் கைத்தறித் துணிகளையும் பிற சுதேசிப் பொருள்களையும் விற்கும் கடை.

மௌலானா ஷிப்லி நுஃமானி அவர்களுக்கு இச்செய்தி எட்டியபோது நகையாடினாராம்: நீர் மனிதரா, ஜின்னா? முதலில் கவிஞராயிருந்தீர்; பிறகு அரசியல்வாதியானீர்; இப்போது பனியாவும் ஆகிவிட்டீரே என்ற கருத்தில். அந்த நகைப்பில் அன்புதான் மிகுதி. கடைக்குச் சரக்குக் கிடைக்கப் பம்பாய்ச் செல்வருக்குப் பரிந்துரை செய்தவரும் ஷிப்லியே. ஆனால் கற்றவன் கடை வைப்பதை இழிவாகக் கருதும் மனப்போக்கு நம்மிடையே இன்றும் போகவில்லை. கலீஃபாப் பொறுப்பை ஏற்ற பின்னரும் அபூபக்கர் ஸித்தீக் (ரலி) அவர்கள் குடும்பத்திற்காகத் துணி மூட்டையுடன் கடைவீதிக்குப் புறப்பட்டார்கள் என்பதும், உமர் (ரலி) அவர்கள் தடுத்துப் பொதுநிதியிலிருந்து ஒரு சிறு படி ஏற்பாடு செய்தார்கள் என்பதும் நாம் மதரஸாவில் படித்த செய்திகள். படித்ததோடு சரி.

இந்தக் கடையை நாம் சாதாரணமாகக் கடந்துவிடலாகாது. மௌலானாவின் அரசியல் முழுவதற்கும் அதுவே கடைக்கால். எவரிடமும் கைநீட்டாதவன் எவருக்கும் வாய்பொத்தி நிற்க வேண்டியதில்லை. வீட்டுச் செலவை எவ்வளவு தாழ்த்த முடியும் என்று அவரும் பேகமும் கணக்குப் போட்டுப் பார்த்திருந்தார்கள். குறைந்த செலவு, சொந்தச் சம்பாத்தியம், இவற்றின் எல்லைக்குள் அவர்கள் கருத்துக்கு விலங்கு இல்லை. மூன்றாம் வகுப்புப் பயணம், தன் மூட்டையைத் தானே சுமத்தல், வெளிநாட்டுக் கம்பளி என்பதால் குளிரில் விருந்தோம்புவோர் தந்த போர்வையை ஒதுக்கிவைத்துவிட்டு விடியும்வரை நடுங்கியது என்றெல்லாம் அவரைப் பற்றிச் சொல்லப்படும் கதைகளைக் கேட்டு வியக்கிறவர்கள் உண்டு. நமக்கு அவற்றைவிட அந்தக் கடைதான் பெரிதாகத் தோன்றுகிறது.

1916-இல் அரசாங்கம் மீண்டும் அவரை நாடியது. லலித்பூரில் போய்த் தங்கியிருக்க வேண்டும் என்று உத்தரவு. குற்றச்சாட்டு இல்லை, விசாரணை இல்லை. அதனை ஏற்க மறுத்ததற்காகச் சிறை. ஒரு சிறையிலிருந்து மற்றொரு சிறையாக மாற்றப்பட்டு 1918-இல்தான் வெளிவந்தார். இம்முறை கடையும் வழக்கும் குடும்பமும் நிஷாத்துன்னிஸா பேகத்தின் தலையில். அந்நாளில் அலிகரில் அவர்களைக் காணச் சென்ற பண்டித கிஷன் பிரசாத் கௌல் என்னும் லக்னோ அறிஞர், அவ்வீட்டின் வறுமையைக் கண்டு உள்ளம் உருகிப் பொருளுதவி திரட்டித் தருவதாகக் கூறினார். பேகம் மறுத்துவிட்டார். பொதுமக்கள் பணம் தமக்கு வேண்டாமென்றும், உதவியே தீரவேண்டுமானால் விற்காமல் கிடக்கும் தங்கள் வெளியீடுகளை விற்றுத் தர வழி செய்யலாமென்றும் கூறினார்.

இச்செய்தியைப் படிக்குந்தோறும் நமக்கு வெட்கம் மேலிடுகிறது. சமுதாயத்திற்காக உழைத்தவன் மறைந்ததும் இரங்கல் கூட்டம் நடத்துகிறோம், குடும்பநிதி திரட்டுகிறோம், படம் திறந்து வைக்கிறோம். அவன் உயிரோடிருக்கையில் அச்சிட்ட நூலை விலைகொடுத்து வாங்கியவர் நம்மில் எத்தனை பேர்? (இதழ்ச் சந்தாவைப் பற்றி நாம் இவ்விடத்தில் ஒன்றும் சொல்லவில்லை. வாசகர்கள் அறிவர்.)

பேகத்தின் கதையில் நம் சென்னைக்கும் இடமுண்டு. இந்தியா மந்திரி மாண்டேகு 1917 டிசம்பரில் சென்னைக்கு வந்தபோது, சரோஜினி நாயுடுவின் தலைமையில் பெண்கள் தூதுக்குழு ஒன்று அவரிடம் பெண்களுக்கு வாக்குரிமையும் கல்வியும் கோரி விண்ணப்பம் அளித்தது. அன்னி பெசன்ட், மார்கரெட் கசின்ஸ் முதலியோர் பெயர்களோடு அக்குழுவின் பட்டியலில் பேகம் ஹஸ்ரத் மோஹானியின் பெயரும் இடம்பெற்றிருந்தது. கணவர் சிறையில், வீட்டில் பற்றாக்குறை, பெயரோ நாட்டின் பெண்குலத்துக்காக மந்திரியின் மேசையில்! பின்னர் அவர் பர்தாவை நீக்கிவிட்டுப் பொதுமேடைகளில் தோன்றியது குறித்து நம் பெரியவர்களுக்கு மாறான கருத்து இருந்தது, இன்னும் இருக்கலாம். அவ்விவாதத்தை இங்கே நாம் எழுப்பவில்லை. குடும்பப் பொறுப்பு என்பது ஆடவன் கொண்டுவரும் பணத்தை எண்ணிச் செலவிடுவது மட்டும் என்று நினைத்திருப்போருக்கு அப்பேகத்தின் வாழ்வு வேறொன்றைக் காட்டும்.

1921 டிசம்பரில் அஹ்மதாபாத்தில் கூடிய காங்கிரஸ் மாநாட்டில் மௌலானா எழுந்து, அந்நிய ஆதிக்கத்திலிருந்து முற்றிலும் விடுபட்ட முழு விடுதலையே சுயராஜ்யம் என்று அறிவிக்க வேண்டும் என்னும் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். காந்தியடிகள் எதிர்த்தார். ஆழம் தெரியாத நீரில் இறங்கலாகாது, முதலில் வலிமை சேர்ப்போம் என்பது அவர் வாதம். அன்று காந்தியடிகளை எதிர்த்து வாக்குக் கேட்பது என்ன எளிதான செயலா? தீர்மானம் தோற்றது. அதே நாட்களில் அதே நகரில் நடந்த முஸ்லிம் லீக் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. அங்கும் அதே பேச்சு. 1922-இல் மூன்றாம் முறை சிறை, 1924-இல் விடுதலை. முழு விடுதலைத் தீர்மானத்தைக் காங்கிரஸ் லாகூரில் நிறைவேற்றியது 1929-ஆம் ஆண்டில், எட்டாண்டு கழித்து. அப்போது அதன் பெருமை எவர் எவருக்கோ போயிற்று.

1925 டிசம்பரில் கான்பூரில் நடந்த இந்தியக் கம்யூனிஸ்டுகளின் மாநாட்டில் வரவேற்புக் குழுத் தலைவர் மௌலானா. மாநாட்டுத் தலைவர் சென்னை வழக்கறிஞர் ம.சிங்காரவேலர், 1923-இல் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினக் கொடியை ஏற்றியவர். தொழுகை தவறாத, பலமுறை ஹஜ் செய்த, சூஃபி வழியில் பைஅத் பெற்ற ஒரு மௌலானாவுக்கும் கடவுள் நம்பிக்கையற்ற அறிஞருக்கும் ஒரே மேடை! ஜகாத்தை விதித்த மார்க்கம் முதலாளிகளின் பொருட்குவிப்புக்கு எதிரானதே என்பது மௌலானாவின் வாதம். ஜகாத் பற்றிய வரையில் நாமும் அவரோடு நிற்கிறோம்; அதிலிருந்து அவர் போன தொலைவுக்கு நம்மால் உடன்செல்ல இயலவில்லை. ஆயினும் ஏழ்மையைப் பற்றி அம்மேடையில் பேச அவருக்கிருந்த உரிமை, மெத்தையில் அமர்ந்து பொதுவுடைமை பேசிய பலருக்கு இருந்ததில்லை.

1937-இல் நிஷாத்துன்னிஸா பேகம் மறைந்தார். அவ்வாண்டு அக்டோபரில்தான் லக்னோவில் முஸ்லிம் லீக் கூடி, மௌலானா கொண்டுவந்த முழு விடுதலைத் தீர்மானத்தை ஏற்றது. 16 ஆண்டுகள் மனைவியோடு சேர்ந்து சுமந்த கருத்து வென்ற நாளில் மனைவி இல்லை.

லீகில் சேர்ந்தபிறகு அடங்கினாரா என்றால் அதுவுமில்லை. ஜின்னா சாஹிபின் சொல்லுக்கு மறுசொல் இல்லாதிருந்த நாளில், 1947 ஜூன் 9-ஆம் நாள் தில்லியில் கூடிய லீக் கவுன்ஸிலில், பிரிவினைத் திட்டத்தை ஏற்பதை எதிர்த்துப் பேசியவர்களுள் அவர் ஒருவர். நாடு பிரிந்தது. அவர் கான்பூரை விட்டுப் போகவில்லை. தம்மைத் தலைவராகக் கொண்டவர்களை விட்டுவிட்டுத் தலைவர்கள் பலர் எல்லை கடந்தனர். எதிர்த்து வாக்களித்த கிழவர் இங்கே இருந்தார்.

இனி நமக்கு மிக நெருக்கமான இடத்திற்கு வருகிறோம். அரசியல் நிர்ணய சபையில் மௌலானா உறுப்பினர். நம் காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் அவர்களும் சென்னை மாகாணத்திலிருந்து உறுப்பினர். 1949 மே மாதம் 25, 26 ஆகிய நாட்களில் சிறுபான்மையினர்க்கான இட ஒதுக்கீடு பற்றிய விவாதம் நடந்தது. நாடு பிரிந்த புண் ஆறாத நேரம். முஸ்லிம் என்ற சொல்லை உச்சரித்தாலே ஐயத்தோடு பார்க்கப்பட்ட நேரம். அச்சூழலிலும் காயிதே மில்லத் எழுந்து, முஸ்லிம்களுக்குத் தனித்தொகுதி நீடிக்க வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார்கள். மௌலானா எழுந்து, ஒதுக்கீடும் வேண்டாம், முஸ்லிம்கள் தங்களைச் சிறுபான்மையினர் என்று கருதிக்கொள்ளவே வேண்டாம், சமய அடிப்படையிலன்றி அரசியல் கொள்கை அடிப்படையில் கட்சிகள் அமையட்டும் என்றார். இரண்டு முஸ்லிம் பெரியவர்கள். நேர்மாறான இரண்டு கருத்துகள். சபை தனித்தொகுதியையும் ஏற்கவில்லை, ஒதுக்கீட்டையும் நீக்கியது.

இவ்விருவருள் எவர் கண்டது சரி? நம் உள்ளம் காயிதே மில்லத்தின் பக்கம் சாய்வதை மறைக்க நாம் முயலவில்லை. தன் பிரதிநிதியைத் தானே தேர்ந்தெடுக்க முடியாத சமுதாயத்திற்கு, பிறர் தேர்ந்து தருகிறவர்களே பிரதிநிதிகளாக அமைவர் என்று அவர்கள் அஞ்சியதைப் பின்னைய தேர்தல்கள் பலவற்றில் நாம் கண்டுவிட்டோம். ஆனால் மௌலானாவின் கருத்தைத் துரோகம் என்று பேசியவர்களையும் நாம் அறிவோம். அவர்களோடு நாம் இல்லை. ஆட்சியாளரை மகிழ்வித்து ஆதாயம் பெறுவதற்காகச் சொல்லப்பட்ட கருத்தன்று அது. அதே சபையில் அவர் அரசமைப்பு வரைவை அடிக்கடி தாக்கினார். சோவியத் நாட்டைப்போல் சமதர்மக் குடியரசுகளின் ஒன்றியமாக இந்தியா அமைய வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்து தனியே நின்று தோற்றார். காஷ்மீருக்கு மட்டும் தனி விதி ஏன் என்றும் எழுந்து கேட்டார். எந்தக் கட்சியாரும் அவரைத் தம்மவர் என்று முழுமனத்தோடு சொல்லிக்கொள்ள இயலவில்லை. 1950 ஜனவரி 24-ஆம் நாள் உறுப்பினர்கள் அரசமைப்பில் கையொப்பமிட்டபோது அவர் கையொப்பமிடவில்லை.

அவ்விரு பெரியவர்களிடமும் பொதுவாக இருந்தது ஒன்று உண்டு. 1920-இல் ஒத்துழையாமை அழைப்புக்குச் செவிசாய்த்துப் பட்டப் படிப்பை உதறியவர்கள் காயிதே மில்லத். தோல் வணிகம் அறிந்திருந்தும் குரோம்பேட்டையில் எளிய வாழ்வே வாழ்ந்தார்கள். நாடாளுமன்றத்திற்கு மும்முறை மக்கள் அனுப்பியும், 1972-இல் வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் அடங்கும்வரை அவ்வாழ்வு மாறவில்லை. தில்லியிலோ மௌலானா உறுப்பினர்க்குரிய படியை வாங்காமல், அரசாங்க விடுதியிலும் தங்காமல், பள்ளிவாசலில் பாய் விரித்துப் படுத்து, கூட்டுச் சவாரியாக டோங்காவில் சபைக்கு வந்து போனார் என்று அக்காலத்தவர் எழுதிவைத்துள்ளனர். இவ்விருவரும் ஒருவரையொருவர் சபையில் எதிர்த்தபோது, கேட்டுக்கொண்டிருந்த எவரும், "இவர் யாரிடம் வாங்கிக்கொண்டு பேசுகிறார்?" என்று நினைத்திருக்க முடியாது. நம் நாளில் எந்தக் கருத்தை எவர் சொன்னாலும் முதலில் எழும் கேள்வி அதுவாகவே இருக்கிறது. அதற்குக் காரணம் கேட்பவர்களின் கெட்ட எண்ணம் மட்டுமன்று.

எல்லாரும் மௌலானாவைப்போல் வாழ வேண்டும் என்று நாம் எழுதினால் அது பொய்யான எழுத்தாகும். நாமே அப்படி வாழவில்லை. நயீமாவின் நோய்ப்படுக்கையைக் கடந்து சிறைக்கு நடப்பதற்கு எல்லாருக்கும் நிஷாத்துன்னிஸா வாய்ப்பதில்லை. வாய்த்தாலும் அவரிடம் அதனைக் கேட்கும் துணிவு நமக்கு வருவதில்லை. அப்படியிருந்தும், பள்ளிவாசல் கூட்டத்தில் ஒரு சொல் சொல்ல எழுந்து, கூடையில் மிஞ்சியிருக்கும் வியாபாரத்தை எண்ணி உட்கார்ந்துவிடும்போதெல்லாம், நாம் அஞ்சுவது பட்டினிக்கா, அல்லது சற்றுக் குறைந்த வசதிக்கா என்று அந்த அலிகர்க் கடை நம்மைக் கேட்கத்தான் செய்கிறது.

1951-ஆம் ஆண்டு மே 13-ஆம் நாள் மௌலானா லக்னோவில் காலமானார். ஃபிரங்கி மஹல் பெரியார்கள் துயிலும் அன்வார் பாக்கில் அடக்கம் செய்யப்பட்டார். பேகம் மறைந்து அப்போது 14 ஆண்டுகள் ஆகியிருந்தன. மௌலானாவின் கவிதைகளைப் பாட இன்றும் பாடகர்கள் இருக்கிறார்கள். பேகத்தின் கடிதங்களும் பயணக் குறிப்புகளும் உர்தூவில் நூலாக வந்துள்ளன. உர்தூவும் தமிழும் அறிந்த நம் எழுத்தாளர் எவரேனும் அவற்றைத் தமிழில் தந்தால், இந்தக் கணக்கின் மறுபக்கத்தை, அதனை எழுதியவரின் கையெழுத்திலேயே நம் பெண்மக்கள் படிப்பார்கள். நூல் அச்சானதும் அதனை விலைகொடுத்தே வாங்குவோம்.